வேகமா வீசுற புள்ள

நீங்களே சொல்லுங்கக்கா. வேகமா ஓடுற ஒருத்தியப் பிடிச்சு, மெதுவா ஓடு, அப்பதான் ஜெயிப்பேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? சொல்றாங்கக்கா. மெட்ராஸ்ல சொல்றாங்க. காலேஜுல கோச்சுன்னு உக்காந்துக்கிட்டு, கழுத்துல ஒரு விசிலும் மாட்டிக்கிட்டுச் சொல்றாங்க.

அந்தப் பைய மடியில வச்சுக் கஷ்டப்படாதீங்க, இங்க என் கால்கிட்ட எடம் இருக்கு, வைங்க. நான் திண்டுக்கல். நீங்க? பெரம்பலூரா. நல்லதாப் போச்சு. கிளாம்பாக்கத்துல ஏறுனதுலேர்ந்து யார்கிட்டயும் பேசாம வர்றேன், நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு. ஒங்க மூஞ்சியப் பாத்தா கேக்குற ஆளாட்டம் தெரியுது, அதான். தூக்கம் வந்தா சொல்லிருங்க, நிறுத்திக்கிறேன்.

என் பேரு ஸ்டெல்லா. மாவு அரைச்சு விக்கிறேன், இட்லி மாவு. மகள் பவுலின். ஒத்தப் புள்ளதான். இந்த வருசம்தான் பி.காம் சேந்திருக்கா. மார்க்குல சேரல, விளையாட்டுல சேந்தா. பேஸ்பால்.

ஆமாக்கா, இருக்கு, நம்ம ஊருலயே இருக்கு. எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க. கிரிக்கெட் மாதிரிதான், ஆனா பந்து தரையில குத்தாது, வீசுனா நேரா அடிக்கிறவகிட்டப் போகும். வீசுறவளுக்கு பிட்சர்னு பேரு. அடிக்கிறவளுக்குப் பின்னாடி ஒருத்தி குத்தவச்சு உக்காந்து பந்தப் பிடிப்பா, அவ கேட்சர். நாலு மூலையில நாலு பேஸு இருக்கும், அடிச்சுட்டு அதச் சுத்தி ஓடி வந்தா ஒரு ரன்னு. மூணு பந்து அடிக்க முடியாம விட்டா அடிக்கிறவ அவுட்டு, மூணு பேரு அவுட்டானா இன்னிங்ஸு மாறும். அதே மாதிரி நம்ம புள்ள நாலு பந்து தாறுமாறா வீசிட்டா, அவ அடிக்காமயே ஓசியில முதல் பேஸுக்கு நடந்து போயிரலாம். இவ்ளோதான். இதுக்கு மேல எனக்கும் தெரியாது. ஆனா தெரிஞ்ச மட்டும் நல்லாத் தெரியும்.

எப்படி ஆரம்பிச்சான்னு கேளுங்க. ஒம்பதாவது படிக்கிறப்ப, மாடியில நின்னுக்கிட்டு, கீழ கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்ன ஒருத்திக்குத் தண்ணி பாட்டில வீசியிருக்கா. ரொம்பின பாட்டில். அது நேராப் போயி அவ கையில விழுந்திருக்கு. பி.டி. டீச்சர் பாத்துட்டாங்க. அடிக்கப் போறாங்கன்னு இவ அழுதுக்கிட்டே நிக்கிறா, அவங்க ஒரு பந்தக் குடுத்து, இத வீசு பாப்போம்னாங்களாம். அன்னிக்கி ஆரம்பிச்சது.

ஸ்கூல்ல வாரத்துல ரெண்டு நாளுதான் பிராக்டிஸ். மிச்ச நாளு? யாரு பிடிக்கிறது இவ வீசுற பந்த? இவ அப்பா மில்லுல ஷிப்டு, வந்தா தூக்கம். அப்ப நான்தானே. எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு காலி மனை கெடக்கு. காலையில அஞ்சு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் போயிருவோம். நைட்டிக்கு மேல ஒரு துண்டு, தலையில அவரோட ஹெல்மெட்டு, கையில ஸ்கூல்ல குடுத்த பழைய கிளவுஸ். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, எல்லாரும்தான் சிரிச்சாங்க. பால்காரன் வண்டிய நிறுத்திப் பாத்துட்டுத்தான் போவான். நான் அதுக்கு முன்னாடி பந்தத் தொட்டதுகூட கெடையாதுக்கா. குத்தவச்சு உக்காந்து உக்காந்து முட்டி போச்சு. இந்தக் கட்டைவிரலப் பாருங்க, வளைஞ்சிருக்கா? அது அவ பந்துதான். கட்டுப் போட்டுக்கிட்டு மறுநாளும் போனேன். அவ வேணாம்மா வேணாம்மாங்குறா. சும்மா வீசுடீன்னேன்.

அப்படி வளந்த கை அது. பன்னெண்டாவது படிக்கிறப்ப, ஜில்லா மேட்ச்சுல, அடிக்க வந்த புள்ளைங்க கண்ண மூடிக்கிட்டு பேட்டச் சுத்துச்சுங்க. நெசமாக்கா. பயத்துல. ஒரு புள்ள அவுட்டாகிட்டு, தப்பிச்சோம்டான்னு சிரிச்சுக்கிட்டே போச்சு.

நான் எல்லா மேட்ச்சுக்கும் போவேன். வேலிக்கு வெளிய நின்னுக்குவேன். எங்களுக்குள்ள ஒரு கணக்கு உண்டு. நான் ஒரு தடவ கை தட்டுனா உள்ள, அடிக்கிறவ உடம்ப ஒட்டி வீசணும். ரெண்டு தடவ தட்டுனா வெளிய. கைய இடுப்புல வச்சா அவ்வளவுதான், இருக்குற வேகத்தையெல்லாம் போட்டு நடுவுல. பி.டி. டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒங்க புள்ள, நீங்க பாத்துக்கங்கன்னு விட்டுட்டாங்க. அது டீச்சர்.

இப்ப காலேஜுக்கு வருவோம்.

சேத்துவிட்டு வந்த அன்னிக்கே கோச்சு மேடத்தப் பாத்தேன். தேன்மொழின்னு பேரு. என் வயசுதான் இருக்கும், முடிய ஒட்ட வெட்டியிருக்காங்க. நான் போயி, மேடம், இவ பந்தப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், முதல் பத்துப் பந்து தோளு சூடாகுற வரைக்கும் கொஞ்சம் மேல போகும், அப்பறம் சரியாயிரும், நீங்க அதுக்குள்ள முடிவு பண்ணிராதீங்கன்னு சொன்னேன். அவங்க, சரிம்மா, நாங்க பாத்துக்குறோம்னாங்க. இவ வெறும் இட்லி சாப்ட்டா விளையாட மாட்டா, முட்டை வேணும்னேன். நாங்க பாத்துக்குறோம்மான்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

என்ன பாத்துக்கிட்டாங்க? முதல் மாசம் பந்தையே குடுக்கல. ஓடு. ஓடிட்டு வந்து தண்டால் எடு. சீனியர்ஸ் வீசுற பந்தப் பொறுக்கிப் போடு. ஜில்லாவே கை தட்டுன புள்ளக்கா, பந்து பொறுக்குறா. டெய்லி போன் பண்ணி அழுவா. அம்மா, இங்க யாருக்கும் என்னத் தெரியலம்மாங்குறா. நான் என்ன பண்ணுவேன், இங்கேர்ந்து நானும் அழுவேன்.

அப்பறம் ஒரு வழியா வீசச் சொன்னா, பந்து போயிச் சேர மாட்டேங்குது. ஏன்னா, எங்க ஸ்கூல் கிரவுண்டுல போட்டிருந்த கோடு கிட்டக்க இருந்துச்சாம். காலேஜுல அளவு தள்ளியாம். இவ வீசுனா அடிக்கிறவ காலுக்கு முன்னாடி குத்துது. அப்பறம் எட்டிப் பிடிச்சு எப்படியோ கொண்டுபோயிச் சேத்தா, சேந்த பந்த அங்க இருக்குற புள்ளைங்க அடிக்குதுங்க. கண்ண மூடிக்கிட்டு இல்ல, கண்ணத் தொறந்துக்கிட்டு. தூக்கி அடிக்குதுங்களாம். அம்மா, இவங்க எல்லாரும் அவங்கவங்க ஸ்கூல்ல என்ன மாதிரி இருந்தவங்கம்மான்னா ஒரு நாளு. நான் சொன்னேன், ஒன்ன மாதிரி ஒருத்தியும் கெடையாது, மனச விட்டுறாதேன்னு.

அப்பதான் அந்த மேடம் ஆரம்பிச்சாங்க, மெதுவா வீசுன்னு.

அதுக்கு ஒரு பேரு இருக்கு, சேஞ்ச்-அப்பாம். கைய வேகமா வர்ற மாதிரியே சுத்தணுமாம். ஆனா பந்த உள்ளங்கையில அழுத்திப் பிடிச்சு விட்டா அது மெதுவாப் போகுமாம். அடிக்கிறவ வேகமா வருதுன்னு நெனச்சு முன்னாடியே பேட்டச் சுத்தி ஏமாந்துருவாளாம். கேளுங்கக்கா. இது விளையாட்டா, ஏமாத்து வேலையா? சாமி குடுத்த வேகம் கையில இருக்கு. அத மறைச்சு வச்சுக்கிட்டு மெதுவா வீசுன்னா? எங்க மாவுல தண்ணி ஊத்தி வில்லுன்னு சொல்ற மாதிரி இருக்கு எனக்கு.

நான் சொல்லிட்டேன் அவகிட்ட. போன்லயே சொல்லிட்டேன். மேடம் முன்னாடி தலைய ஆட்டு, எதுத்துப் பேசாத, பிராக்டிஸ்ல அவங்க சொல்றத வீசு. மேட்ச்சுன்னு வந்தா நம்ம பந்தப் போடு. ஒரு மேட்ச்சுல நம்ம வேகத்தப் பாத்துட்டாங்கன்னா அவங்களே வாய மூடிக்குவாங்க. இல்லம்மா, கேட்சர் நிலோஃபர் விரலக் காமிப்பா, அவ காமிக்கிற பந்தத்தான் போடணும்னா. அவ யாருடி ஒனக்குச் சொல்றதுக்கு, மூணு வருசம் ஒன் பந்தப் பிடிச்சது அவளா நானான்னு கேட்டேன். எம் பேச்சத் தட்ட மாட்டா.

ஆகஸ்டுல முதல் மேட்ச்சு. பக்கத்துக் காலேஜோட. மாவு ஆர்டர் இருந்துச்சு, என்னால போக முடியல. அதுதான் தப்பாப் போச்சு. நான் போயிருந்தா கதையே வேற. நிலோஃபர் மெதுவாப் போடச் சொல்லி விரலக் காமிச்சிருக்கா, இவ தலைய ஆட்டி மாட்டேன்னுட்டு வேகமாப் போட்டிருக்கா. நான் சொன்ன மாதிரியே. அடிச்சிருக்காளுங்க. மறுபடி மெதுவா காமிச்சிருக்கா, மறுபடி இவ வேகம். மறுபடி அடி. ஒரே இன்னிங்ஸ்ல அஞ்சு ரன்னு போயிருச்சு. மேடம் நடுவுல வந்து பந்த வாங்கிக்கிட்டு வெளிய உக்கார வச்சுட்டாங்க. அன்னிக்கி வெளிய உக்காந்தவதான், செப்டம்பர் பூரா பெஞ்சு.

இதுல யாரு மேல தப்பு? அந்த நிலோஃபர் மேலதான். ஒழுங்காப் பிடிக்கத் தெரிஞ்ச கேட்சரா இருந்தா புள்ளைக்கு ஒரு தைரியம் இருக்கும். நான் சொன்னா இவ அப்பா, அடிச்ச பந்த கேட்சர் எப்படிடி பிடிப்பாங்குறாரு. அந்த ஆளுக்கு என்ன தெரியும், மேட்ச்சே பாத்தது இல்ல. பேசாம நீயும் அதே காலேஜுல சேந்துருங்குறாரு. கிண்டலு.

அதுக்கப்பறம் போனே கொறஞ்சு போச்சுக்கா. முன்னாடி டெய்லி அழுவான்னு சொன்னேன்ல. அழுகை நின்னுருச்சு. போனும் நின்னுருச்சு. நான் பண்ணா, அம்மா, பிராக்டிஸ்மா, அப்பறம் பேசுறேம்மா. பின்னாடி ஒரே சிரிப்புச் சத்தம். என்னடி பிராக்டிஸ், பெஞ்சுல உக்காந்திருக்கிறவளுக்குன்னு கேட்டா, நானும் நிலோஃபரும் தனியாப் பண்றோம்மா, காலையில அஞ்சு மணிக்குங்குறா.

அஞ்சு மணிக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு அதக் கேட்டதும்.

இல்ல, ஏன்னா, எனக்கு மாவு வேலை ஆறரைக்குத்தான். ஆனா இத்தன வருசப் பழக்கம், அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருது. இவ ஊருல இல்ல. அவரு தூங்குறாரு. என்ன பண்ணுவீங்க? கூட்டுன வாசலயே திரும்பக் கூட்டுவேன். ஒரு நாளு அந்தக் காலி மனையில போயி நின்னேன். சும்மாதான். பால்காரன் வண்டிய நிறுத்தி, என்னக்கா, புள்ள இல்லயான்னான். காலேஜு போயிருக்காடான்னேன். சரிக்கான்னுட்டுப் போயிட்டான். நானும் வந்துட்டேன். அத விடுங்க.

நான் மேடத்துக்குப் போன் போட்டேன். எடுத்தாங்க, மரியாதையாத்தான் பேசுனாங்க. பவுலின் நல்லா வர்றா, அவசரப்படாதீங்கம்மான்னாங்க. நல்லா வர்றவள எதுக்கு உக்கார வச்சிருக்கீங்கன்னேன். அவ இன்னும் ரெண்டு பேரு பேச்சக் கேட்டுக்கிட்டு வீசுறாம்மா, ஒருத்தர் பேச்சக் கேக்கட்டும், அது அவளாவே இருந்தாக்கூட எனக்குச் சம்மதம்னாங்க. என்ன அர்த்தம்னு கேளுங்க. எனக்கு இன்னி வரைக்கும் வெளங்கல. அந்த நிலோஃபரத்தான் சொல்றாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பறம் அந்தப் புள்ள நம்பரையும் வாங்குனேன். பவுலின்கிட்ட கேட்டா குடுக்க மாட்டா, ஹாஸ்டல் வார்டன்கிட்ட, அவசரம்னு சொல்லி வாங்குனேன். ஏம்மா நிலோஃபர், நீ சீனியரு, எம் புள்ளைக்கு நல்ல பந்தாக் காமிக்கக் கூடாதான்னேன். அது நல்லாத்தான் பேசுச்சு. ஆன்ட்டி, அவ பந்து எனக்கு ரொம்பப் பிடிக்கும் ஆன்ட்டி, இப்ப அந்த மெதுவான பந்து அவ்ளோ அழகா வருது ஆன்ட்டி, அவளக் கொஞ்சம் விட்டுருங்க ஆன்ட்டிங்குது. விட்டுருங்களாம். நான் என்ன பிடிச்சு வச்சிருக்கேன்? இருக்குறது நானூறு கிலோமீட்டர் தள்ளி.

அன்னிக்கி ராத்திரி பவுலின் போன் பண்ணா. கோவமா. எதுக்கும்மா நிலோஃபருக்குப் போன் பண்ணேன்னு. எம் மகள் என்கிட்டக் கோவமாப் பேசுனது அதுதான் முதல் தடவ.

அதான் முடிவு பண்ணேன். இன்னிக்கி மேட்ச்சு, ஜோன் செமி பைனலாம். இதுல நல்லாப் பண்ணாத்தான் யுனிவர்சிட்டி டீம்ல பேரு வரும். அவகிட்டச் சொல்லாம கெளம்பிட்டேன். சொன்னா வேணாம்பா. மாவுக்கடைய அவரு தலையில கட்டிட்டு, வெள்ளன மெட்ராஸ் வந்து எறங்கி, கேட்டுக் கேட்டு கிரவுண்டக் கண்டுபிடிச்சேன். பெரிய கிரவுண்டு. சுத்தி ஆள் உயரத்துக்குக் கம்பி வலை. ஒரு வேப்ப மரத்தடியில நின்னுக்கிட்டேன். பெஞ்சுல இருந்தா எம் புள்ள. உக்காந்திருந்தாளே தவிர மூஞ்சி நல்லா இருந்துச்சு. கத்திக்கிட்டுத் தட்டிக்கிட்டு இருந்தா. எளைச்சிருக்கா. தோளு மட்டும் அகண்டிருக்கு.

அஞ்சு இன்னிங்ஸு வரைக்கும் ஒரு சீனியர் புள்ள வீசுச்சு. சௌந்தர்யாவோ என்னமோ. ரெண்டு ரன்னு நாம முன்னாடி. மொத்தம் ஏழு இன்னிங்ஸு. ஆறாவதுல அந்தப் புள்ளைக்குக் கை அசந்து போச்சு. மேடம் திரும்பி பெஞ்சப் பாத்தாங்க. பவுலின்னாங்க.

நான் நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டேன்.

எம் புள்ள மெதுவாத்தான் நடந்து போனா. வீசுறவ நிக்கிறதுக்குன்னு நடுவுல இருக்குற மேட்டுல நின்னு, கால மண்ணுல தேச்சு, நிலோஃபரப் பாத்தா. முதப் பந்து வேகம். அக்கா, என்ன வேகம் தெரியுமா? நான் பிடிச்சதவிட வேகம். கேட்சர் கிளவுஸ்ல சத்தம் டப்புன்னு இங்க கேக்குது. ரெண்டாவதும் அப்படியே. எனக்கு அழுக வந்துருச்சு. மூணாவது, கை அப்படியே அதே மாதிரிச் சுத்துச்சு, பந்து மட்டும் வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. அடிக்க நின்ன புள்ள நல்ல ஒசரம், அது எப்பவோ பேட்டச் சுத்திருச்சு. சுத்துன வேகத்துல ஒரு காலுல நின்னு தடுமாறி விழப் பாத்துச்சு. அப்பறம்தான் பந்து போயி கிளவுஸ்ல விழுது. அவுட்டு. ஒரே சத்தம், ஆரவாரம். நிலோஃபர் எந்திரிச்சு குதிக்குறா. எம் புள்ள சிரிக்குறா.

ரெண்டு பந்து அப்படிப் போட்டவளுக்கு மூணாவதும் அப்படியே போட்டா என்ன? எதுக்கு அந்த ஏமாத்துப் பந்து? அந்தப் புள்ளைங்க என்ன நெனைக்கும், இவளுக்கு வேகம் தீந்துருச்சுன்னு நெனைக்காது? நான் வலைகிட்டப் போயி கத்துனேன். பவுலி! வேகமாடி! நம்ம பந்தப் போடு!

திரும்பிப் பாத்தா. சிரிச்ச வாயி அப்படியே நின்னுருச்சு. நான் வந்தது தெரியாதுல்ல, சந்தோசத்துல அப்படி ஆயிருச்சு போல.

அடுத்த புள்ள வந்துச்சு. நிலோஃபர் விரலக் காமிக்கிறா. நான் இங்க ஒரு தடவ தட்டுறேன், உள்ள போடுன்னு. இவ அவளப் பாக்குறா, என்னப் பாக்குறா, அவளப் பாக்குறா. பந்து எங்கயோ போகுது. நான் திரும்பத் தட்டுறேன். திரும்ப எங்கயோ போகுது. நாலும் அப்படியே போச்சு, அந்தப் புள்ள ஓசியில நடந்து போயிருச்சு. அடுத்தவளுக்கு நான் கைய இடுப்புல வச்சேன். நடுவுல, முழு வேகம். சொன்ன மாதிரியே நடுவுலதான் போட்டா. அவ தூக்கி அடிச்சுட்டா. ஒரு ரன்னு போச்சு. அடிச்சவ ரெண்டாவது பேஸ்ல நிக்கிறா. இப்ப நாம ஒரே ஒரு ரன்னுதான் முன்னாடி.

நிலோஃபர் போயி இவகிட்ட ஏதோ சொல்றா. ரெண்டு பேரும் கிளவுஸ வச்சு வாயப் பொத்திக்கிட்டுப் பேசுறாளுங்க. அந்த மேடம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அசையல. அப்ப இவ அம்பயர்கிட்ட ஏதோ கேட்டுட்டு, நேரா என்னப் பாத்து நடந்து வர்றா. மேட்ச்சு நிக்குது. அத்தன பேரும் பாக்குறாங்க. எம் மகள் எனக்காக மேட்ச்ச நிறுத்திட்டு வர்றாக்கா.

வந்து, போகச் சொல்லிட்டா.

ஆமா. அம்மா, நீ கெளம்பும்மான்னா. வேற யாராச்சும் சொல்லியிருந்தா நான் அங்கயே நாக்கப் பிடுங்குற மாதிரிக் கேட்டிருப்பேன். இவ சொன்னா என்ன பண்றது? கத்தல, வையல, அழவும் இல்ல. கம்பி வலைக்குள்ள விரல விட்டு என் விரலப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. கெளம்பிட்டேன். சாப்ட்டியான்னுகூட கேக்கல நானு. கேட்டுக்கு வெளிய வந்து நிக்கிறேன், உள்ள பெரிய சத்தம் கேக்குது, கைதட்டு, விசிலு. யாருக்குன்னு தெரியல. வாட்ச்மேன்கிட்ட எந்தப் பக்கம்ணே ஜெயிக்குதுன்னு கேட்டேன். நமக்கு அதெல்லாம் தெரியாதும்மான்னாரு. திரும்ப உள்ள போகவும் மனசு வரல. பஸ்ஸப் பிடிச்சு கிளாம்பாக்கம் வந்துட்டேன்.

அங்க வந்து உக்காந்த அப்பறம் போன் வந்துச்சு. ஜெயிச்சுட்டோம்மான்னா. ஒத்த ரன்னுல. மிச்சம் எல்லாரையும் அவதான் அவுட்டாக்குனாளாம். கடைசிப் புள்ளைய எந்தப் பந்துலடி எடுத்தேன்னு கேட்டேன். மெதுவானதுலதாம்மான்னா. பின்னாடி நிலோஃபர் கத்துறா, ஆன்ட்டி சூப்பர் ஆன்ட்டின்னு. நான் நல்லா இருங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

எப்படி இருக்கும் சொல்லுங்க. இத்தன வருசம் ஒரு பந்து விடாமப் பாத்தவ நானு. அவ ஜெயிச்ச பந்தப் பாக்கல. ஊருல உள்ள அத்தன பேரும் பாத்திருக்காங்க. நான் கிளாம்பாக்கத்துல தண்ணி பாட்டில் வாங்க வரிசையில நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.

என்னக்கா? வலைகிட்ட வந்து வேற ஏதாச்சும் சொன்னாளான்னு கேக்குறீங்களா?

சொன்னா. அதத்தான் வழி பூரா யோசிச்சுக்கிட்டே வர்றேன். அப்படியே சொல்றேன் கேளுங்க. அம்மா, நீ இங்க இருக்கேன்னு தெரிஞ்சுட்டா எனக்கு வேற யாருமே கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குறாங்கம்மா. நிலோஃபர் கை தெரியல, அடிக்கிறவ தெரியல. நீ எங்க நிக்கிற, என்ன காமிக்கிறன்னு ஒன்னயவே கண்ணு தேடுதும்மா. அப்படின்னா.

இதவிட ஒரு புள்ள வேற என்ன சொல்லணும்? வேற யாருமே கண்ணுக்குத் தெரியலங்குறா, பாத்தீங்களா? மேடமும் நிலோஃபரும் என்னதான் சொல்லிக் குடுத்தாலும், மேட்டுல ஏறி நின்னா என்னத்தான் தேடுறா. ஆனா அதச் சொல்லிட்டு எதுக்குக் கெளம்புங்குறான்னுதான் புரியாம இருந்துச்சு. செங்கல்பட்டு தாண்டுனதும் புரிஞ்சுருச்சு.

தப்பு எம்மேலதான்க்கா. நான் மரத்தடியில நின்னது தப்பு. ஒரு ஓரமா, வலைக்கு அந்தக் கோடியில. அவ அடிக்கிறவளப் பாக்கணும், கழுத்தத் திருப்பி என்னப் பாக்கணும், மறுபடி அங்க பாக்கணும். பந்து எப்படி நேராப் போகும்? புள்ளைக்கு எவ்ளோ கஷ்டம்.

அடுத்த வாரம் பைனலு. நான் போகத்தான் போறேன், இப்பவும் சொல்லப் போறதில்ல. ஆனா ஓரத்துல நிக்க மாட்டேன். அந்த கேட்சர் புள்ளைக்கு நேர் பின்னாடி ஒரு வலை இருக்கு. வெள்ளன போனா அங்க முன்னாடியே எடம் பிடிச்சுரலாம். நல்லாக் கண்ணுல படுற மாதிரி ஒரு செவப்புச் சேலை கட்டிக்கிட்டுப் போயி உக்காந்துக்குவேன். பாவம், தேட வேணாம் பாருங்க. தலைய நிமித்துனாலே நான்தான் தெரிவேன்.